கோரஸில் வாழும் பாடல்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகளில் பரவிய நற்செய்திப் பாடல்களின் உயிர் அவற்றின் கோரஸில் இருக்கிறது. ஐசக் வாட்ஸ், சார்லஸ் வெஸ்லி காலத்து ஞானப்பாட்டுகளில் கருத்து சரணத்துக்குச் சரணம் வளரும். பாடுபவர் கையில் புத்தகம் வேண்டும். நற்செய்திப் பாடல்கள் பெரும்பாலும் சரணம் முடிந்ததும் ஒரே கோரஸுக்குத் திரும்புபவை. முன்பின் கேட்டிராதவரும் இரண்டாம் முறை சேர்ந்து பாடிவிடலாம்.

இந்த வடிவம் ஞாயிறு பள்ளிப் பாட்டுகளிலிருந்தும், அக்கால வீடுகளில் பியானோவைச் சுற்றிப் பாடப்பட்ட உலகியல் பாட்டுகளிலிருந்தும் வந்தது. ஃபேனி கிராஸ்பி (1820–1915) இரண்டையும் அறிந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்வையிழந்து, நியூயார்க் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். 1850களில் இசையமைப்பாளர் ஜார்ஜ் ரூட்டுக்கு உலகியல் பாட்டுகள் எழுதிக் கொடுத்தார். பக்திப் பாடலுக்கு வந்தபோதும் அந்தப் பழகிய கை மாறவில்லை. மனத்திலேயே பாட்டைக் கட்டி முடித்த பிறகுதான் பிறரை எழுதிக்கொள்ளச் சொல்வார். எழுதியவை 8,000க்கும் மேல். கிடைத்தது பாட்டுக்கு ஓரிரு டாலர். தொகுப்பு முழுக்க ஒரே பெயர் தெரியாதிருக்கப் பதிப்பாளர்கள் புனைபெயர்களை அள்ளிப் போட்டார்கள். இவ்வளவில் சக்கையும் நிறைய என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய ‘பிளெஸ்ட் அஷ்யூரன்ஸ்’ (1873) நம் திரைப்பாடல்களைப் போல மெட்டுக்கு எழுதிய பாட்டு. தோழி ஃபீபி நாப் மெட்டை வாசித்துக் காட்ட, கிராஸ்பி சொற்களைக் கொடுத்தார். மும்மூன்றாக எண்ணும் 9/8 தாளம் அதற்கு ஊஞ்சலின் அசைவைத் தருகிறது. சொற்களை மட்டும் வாசித்தால் சாதாரணம். பாடும்போதுதான் அவற்றின் இடம் புரியும்.

‘இட் இஸ் வெல் வித் மை சோல்’ வேறு ரகம். 1873 நவம்பரில் ‘வில் து ஆவ்ர்’ கப்பல் மூழ்கி நான்கு மகள்களை இழந்த சிகாகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு எழுதியது. இந்தத் துயரக் கதையைச் சொல்பவர்கள் பிலிப் பிளிஸின் இசையை மறந்துவிடுகிறார்கள். சரணம் நிதானமாக நடக்கிறது. கோரஸில் பெண்குரல்கள் ஒரு சொற்றொடரை எடுத்துக் கொடுக்க, ஆண்குரல்கள் அதையே எதிரொலிக்கின்றன. இறுதி அடியில் நான்கு குரலும் ஒன்றாகின்றன. தனி மனிதனின் ஆறுதலுக்குச் சபையே ஆமோதிக்கும் அமைப்பு இது. 1876 டிசம்பர் 29 அன்று ஒஹாயோவின் ஆஷ்டபுலாவில் பாலம் இடிந்து ரயில் விழுந்தபோது பிளிஸும் மனைவியும் இறந்தனர். பிளிஸுக்கு வயது 38.

பாடல்களைக் கடல் கடந்து கொண்டுசென்றவர் போதகர் மூடியின் கூட்டங்களில் பாடிய ஐரா சாங்கி. கருவியின்றி விவிலியச் சங்கீதங்களைப் பாடிப் பழகிய ஸ்காட்லாந்தில் பலர் அவருடைய சிறு ஆர்மோனியத்தையே சந்தேகித்தார்கள். 1874இல் கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோ செல்லும் ரயிலில், முன்பே காலமான எலிசபெத் கிளெஃபேனின் கவிதையொன்றைச் செய்தித்தாளில் கண்டு கத்தரித்து வைத்தார். கூட்டத்தில் மூடி பாட்டுக் கேட்டதும், அந்தத் துண்டை ஆர்மோனியத்தின் மேல் வைத்து அந்த இடத்திலேயே மெட்டமைத்துப் பாடினார் என்பது அவரே சொன்னது. ‘தி நைன்ட்டி அண்ட் நைன்’ என்ற அந்தப் பாட்டில் கோரஸ் கிடையாது. காணாமற்போன ஆட்டைத் தேடும் கதை நடுவில் நிற்காமல் போக வேண்டும் என்பதால் அது இல்லாததே நல்லது. கூட்டம் அங்கே பாடுவதில்லை, கேட்கிறது.

பிளிஸும் சாங்கியும் 1875இல் தொடங்கிய ‘காஸ்பல் ஹிம்ஸ்’ தொகுப்பு, பிறர் கையும் சேர்ந்து ஆறு பாகங்களாக வளர்ந்து, 1894இல் ஒரே நூலாக வெளிவந்தது.