வேதநாயகரின் நீதியும் அதன் எல்லையும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை யார் என்று வினவினால், தமிழின் முதல் நாவலாசிரியர் என்னும் விடை நம் மாணவரிடமிருந்து உடனே வரும். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவர். தேர்வுக்கு அது போதும். ஆயின், இந்த ஒருவரி விடையே அந்தப் பெருமகனாரை நம் பார்வையினின்று மறைத்துவிட்டது என்பேன். அவர் கத்தோலிக்கக் கிறித்தவர். நீதிமன்றத்தில் முன்சீப்பாக அமர்ந்து ஏழை எளியோரின் வழக்குகளைக் கேட்டவர். இவ்விரண்டும் அவர் எழுத்தில் எங்ஙனம் கலந்தன என்பதே ஈண்டு நாம் காண வேண்டுவது.

கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்றவுடன் வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’யும், கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகமு’மே நினைவுக்கு வரும். அவை சமயத்தை நேரே பாடுபவை. வேதநாயகரும் ‘சத்திய வேதக் கீர்த்தனை’ பாடியவரே. எனினும், அவருடைய சமயவுணர்வு மிகுதியும் வெளிப்படும் இடம் கோயிலன்று, கச்சேரி. அரசு அலுவலகங்களையும் நீதிமன்றங்களையும் அக்காலத்தார் அப்பெயராலேயே வழங்கினர்.

1859இல் வெளிவந்த ‘நீதிநூல்’ கைக்கூலி வாங்குவோரைக் கடிந்துரைக்கிறது. அறநூல்கள் எக்காலத்தும் செய்வதுதானே இது என்று ஒருவர் கேட்கலாம். வேறுபாடு உண்டு. பழைய நீதிநூலார் மன்னனையும் அமைச்சனையும் நோக்கிப் பேசினர். வேதநாயகரோ தம்மோடு ஒரே கூரையின்கீழ்ப் பணிசெய்யும் அதிகாரிகளை நோக்கிப் பேசினார். விவிலியத் தமிழில் இக்குற்றத்திற்குப் ‘பரிதானம்’ என்று பெயர். பரிதானம் வாங்கி எளியவனின் வழக்கைப் புரட்டுவோர்மீது தீர்க்கதரிசி ஆமோஸ் கொண்ட சினத்தின் ஒரு பொறி, தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பு நாற்காலியில் இருந்த இம்மனிதரிடமும் இருந்தது.

நீதிமன்ற மொழி பற்றிய அவர் கருத்து இதனினும் ஆழமானது. 1862இல் அவர் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தார். நாவலிலும், கட்சிக்காரனுக்குப் புரியாத மொழியில் வழக்காடும் வக்கீல்களை நகைத்து நகைத்தே தோலுரிக்கிறார். இதனை மொழிப்பற்று என்று மட்டும் கொள்வது பிழை. தன் நிலம் பறிபோவதைத் தன் காதால் கேட்டும் விளங்கிக்கொள்ள இயலாமல் கைகட்டி நிற்கும் குடியானவனை நாள்தோறும் கண்ட ஒருவரின் மனவேதனை அது. மொழி புரியாத இடத்தில் நீதி இல்லை என்பதை அவர் கொள்கையாகக் கற்றதைவிடக் கண்ணால் கண்டு தெளிந்ததே மிகுதி.

1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அதனைப் போற்றிப் பாடியவர், சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடும், ‘குளத்தூர்க் கோவை’ பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் அவர் கொண்டிருந்த நட்பு நாடறிந்தது. தம் கீர்த்தனை நூல் ஒன்றிற்கே ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்று பெயரிட்டார். நாவலில் மதம் பரப்பும் நோக்கம் தலைகாட்டாமைக்கும் இதுவே காரணம் எனலாம்.

இனி, குறை. அதனைச் சொல்லாமல் விடுவது திறனாய்வு ஆகாது.

பிரதாப முதலியாரின் கிழிந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தவன், சந்தோஷப்படுத்துவதாகச் சொன்ன வாக்கைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு கொடுத்தும் சந்தோஷம் வரவில்லை என்று வழக்காடி அவரைச் சிறைக்கு அனுப்புகிறான். பின்னர், ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியின் அரசியல் பொறுப்பேற்ற ஞானாம்பாள், தான் அரசாள வந்ததில் அவனுக்குச் சந்தோஷந்தானே என்று கேட்டு, அவன் வாயாலேயே வழக்கை முடித்துவிடுகிறாள். வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போது சிரிக்காத மாணவர் இரார், நானும் சிரித்ததுண்டு. ஆயினும் சற்று நின்று பாருங்கள். இக்கதையில் அநீதி இழைப்பவன் செருப்புத் தைப்பவன். அநீதிக்கு ஆளானவர் செல்வக்குடிப் பிறந்த முதலியார். மெய்யான உலகில் பெரும்பாலும் நிகழ்வது இதன் மறுதலையன்றோ? ஏழைக்கு இரங்கிக் கஞ்சி வார்த்த கை, கதை எழுதும்போது அவனை நகைப்புக்கு உரியவனாக்கிவிட்டது.

ஞானாம்பாள் செய்தியும் இத்தகையதே. பெண்கல்விக்காகப் ‘பெண்மதி மாலை’ எழுதியவர், ஒரு பெண்ணை ஆளவைத்துக் காட்டியது அக்காலத்திற்குப் பெருந்துணிவு. ஆனால் அவள் ஆள்வதற்கு ஆணுடை வேண்டியிருக்கிறது. பெண்ணின் அறிவை ஏற்கத் துணிந்தவர், பெண்ணாகவே அவளை அரியணையில் இருத்தத் துணியவில்லை.

காலம் அத்தகையது என்பர் சிலர். பெண்ணைப் பொறுத்தவரை அவ்விடையை ஓரளவு ஏற்கலாம். தாழ்த்தப்பட்டோரைப் பொறுத்தவரை என்னால் ஏற்க இயலவில்லை. ஏனெனில், அதே மாயூர வட்டாரத்தில், அதே காலத்தில், பஞ்சத்தில் அவர் செய்த அறத்தைப் பாடிய அதே பாரதியார் ‘நந்தன் சரித்திரம்’ இயற்றியிருந்தார். பண்ணையாளான நந்தனைக் காவியத் தலைவனாக்கி, பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரையும் படைத்து, சிதம்பரம் போக விடைகேட்கும் அடிமையின் கண்ணீரை அவர்முன் கொட்டச் செய்தார். தாழ்ந்தோரை உயர்த்துபவர் இறைவன் என்னும் வேதத்தைக் கைக்கொண்டிருந்த முன்சீப்பு தம் உரைநடையில் செய்யாததை, வேறொரு சமயத்தைச் சார்ந்த நண்பர் இசைப்பாடலில் செய்து முடித்தார். மேல்வகுப்பு மாணவர்க்குச் செருப்புக் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், அடுத்த பாடவேளையில் நந்தன் விடைகேட்கும் பகுதியையும் படித்துக் காட்டி, யார் யாரிடம் நீதி கேட்கின்றனர் என்ற வினாவை மாணவரிடமே விட்டுவிடலாம்.