கலா: சமரசமற்ற சப்தங்கள்

இசையில் 'பரிசோதனை' என்பது நம்மிடையே ஒரு மரியாதைச் சொல்லாகிவிட்டது. இரண்டு மரபுகளை அருகருகே உட்காரவைத்து, ஒன்றைப் பார்த்து மற்றொன்று தலையசைப்பதைக் காட்டினால் போதும்; பரிசோதனை நிகழ்ந்துவிட்டதாகக் கைதட்டுகிறோம். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' (1986) இந்த வகையின் உச்சம். பாக்கும் தியாகராஜரும் அதில் ஒரே வீட்டில் சந்திக்கிறார்கள். வி.எஸ். நரசிம்மனின் வயலின் இருவருக்கும் சமமாக உபசாரம் செய்கிறது. யாரும் யாரையும் இடைமறிப்பதில்லை. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த உபசாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் உழைப்பை விட்டுவிட்டார்கள்.

எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தின் 'கலா' (2007) இந்த வம்சத்தைச் சேர்ந்ததல்ல. அருவங்காட்டில், தொழிற்சாலைக் குடியிருப்பில், நண்பர் ஒருவர் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த குறுந்தகட்டில் இதை முதன்முதலாகக் கேட்டேன். முதல் பாட்டு 'பாம்பூ பங்கா', ஒரு அமெரிக்க ராக் பாட்டின் வரிகளைத் தலைகீழாக்கிக்கொண்டு தொடங்குகிறது. அதற்குள்ளிருந்து 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' எட்டிப் பார்க்கிறது. 'அட, நம்ம பாட்டு' என்ற சந்தோஷம் எனக்கு அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அந்தத் துணுக்கு அங்கே விருந்தாளியாக வரவில்லை, கள்ளத்தோணியில் வந்திறங்கியிருக்கிறது. அறிமுகம் இல்லை, விளக்கம் இல்லை. தெரிந்தவனுக்குத் தெரியும், மற்றவனுக்கு அது வெறும் சப்தம். முழுத் தொகுப்பின் அழகியலும் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இந்த அழகியல் கொள்கையிலிருந்து பிறந்ததாகத் தெரியவில்லை. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையில் இருந்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பிய ஒருவரின் அனுபவம் இது. முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' (2005) என்று பெயரிட்டார். 1977 கலவரத்துக்குப் பின் அகதிகளைச் சுமந்து சென்ற கப்பலை வைத்து 'லங்கா ராணி' (1978) நாவலை எழுதிய அதே அருளர்தான். இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயர். அந்தத் தாய் லண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். தந்தையின் பெயர் தாங்கியதில் கோஷம் கொஞ்சம் தூக்கல். தாயின் பெயர் தாங்கியதில் ஒட்டும் தையலும் அதிகம்; தையல் வெளியே தெரிகிறது, மறைக்கவும் முயலவில்லை. 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதும் இந்தியா, ஜமைக்கா, ட்ரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிவு செய்தது இது. அகப்பட்ட இடத்தில் அகப்பட்டதைச் சேர்த்துத் தைத்தது.

இதில் என்னை மிகவும் பாதித்தது 'பேர்ட் ஃப்ளூ'. சென்னையில் பதிவான உறுமிகள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த அடித்தொண்டை முனகல் நம் சினிமாவில் பெரும்பாலும் சாமியாடும் காட்சிக்கும் கிராமத்துக் காட்சிக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டது. அதாவது, 'இதோ மண்வாசனை' என்று அறிவிக்கும் பலகை. இங்கே அது எதையும் அறிவிப்பதில்லை. கோழிக் கொக்கரிப்பும் குழந்தைகளின் கூச்சலும் மேலே கிடக்க, உறுமி முன்னால் வந்து நிற்கிறது. பாடுகிறவரின் குரலுக்கு அதைத் தாண்டி வர வழி இல்லாமல் போகிறது. பாட்டுக்குத் தாளம் பக்கவாத்தியம் என்ற ஒழுங்கு குலைகிறது. ஸ்விட்ச் என்ற தயாரிப்பாளரின் எந்திரத் தாளம் உறுமியை மென்மையாக்காமல் விட்டது பெரிய விஷயம்.

ஆனால் ஓர் ஆட்சேபம் உண்டு. எங்கள் மலையில், டான்டீ தோட்டத்து லயங்களில், மாரியம்மன் திருவிழாவில் ஒரு தோலொலி கேட்கும். அது தப்பு, உறுமி அல்ல. தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போய், 1948இல் குடியுரிமை இழந்து, 1964 ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்டவர்களின் தப்பு. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968இல் தொடங்கியது இந்த டான்டீ. அவர்களும் இலங்கையிலிருந்து வந்தவர்கள், மாயாவும் அப்படியே. ஆனால் ஒருவர் ஓடி வந்தவர், மற்றவர் கணக்குப் போட்டு அனுப்பப்பட்டவர். 'வேர்ல்ட் டவுன்' என்ற பாட்டில் உலகின் எல்லாச் சேரிகளும் ஒரே ஊராகிவிடும்போது இந்த வித்தியாசம் கரைந்துபோகிறது. இழப்பு எல்லாமே ஒரே இழப்பு என்று தாளம் சொல்கிறது. லயத்துக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். 'ட்வென்டி டாலர்' பாட்டில் ஆப்பிரிக்காவில் துப்பாக்கி விற்கும் விலை பேசப்படும்போதும் இதே அவசரம். தகவல் அனுபவமாக மாறுவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. 'ஜிம்மி', பப்பி லஹிரியின் 'டிஸ்கோ டான்ஸர்' (1982) பாட்டின் மறுபாடல். எனக்கு அதில் பால்ய ஞாபகத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

'பேப்பர் ப்ளேன்ஸ்' வேறு தளம். தி க்ளாஷ் குழு 1982இல் பாடிய, குடியேறிகளைப் பற்றிய ஒரு பாட்டின் கிட்டார் இழை அடியில் ஓடுகிறது. மேலே சிறுவர்களின் கூட்டுக்குரல். பல்லவியில் ஒரு வாக்கியம் ஆரம்பித்து வினைச்சொல் வரவேண்டிய இடத்தில் அறுந்துபோகிறது. அங்கே துப்பாக்கிச் சத்தம், பிறகு கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம். குடியேறியைப் பார்த்து மற்றவர்கள் மனதுக்குள் முடித்துக்கொள்ளும் வாக்கியம் அது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த வெடிச்சத்தத்தை மாற்றித்தான் ஒலிபரப்பினார்கள். வார்த்தையை அல்ல, வார்த்தை இல்லாத இடத்தைத் தணிக்கை செய்ய வேண்டியிருந்தது.

இதை நான் வெறும் ரசிகனாகச் சொல்ல முடியவில்லை. அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை 1903லிருந்து இருக்கிறது. குண்டைக் குழாயிலிருந்து தள்ளிவிடுகிற புகையில்லா மருந்து இங்கே தயாராவது. அப்பா அதில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். ஓவர்டைம், போனஸ், பிரமோஷன் எல்லாம் வீட்டில் பேசியிருக்கிறார். மருந்து எங்கே போய் எரிகிறது என்ற பேச்சு ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் ஊரில் சங்கு ஊதும், மலை ரயில் கூவும். சுடுகிற இடம் எப்போதும் வேறெங்கோ. ஒரு சாயங்காலம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையன், எட்டு வயதிருக்கும், பாட்டின் சரியான இடத்தில் வாயாலேயே நான்கு வெடி வெடித்தான். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னடா பாட்டு இது?" என்றார். பையன் இன்னொரு தரம் செய்து காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாட்டு குற்றம் சாட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், எதிர்வாதம் தயாராக இருந்தது. அது என்னைத் தாளம் போட வைத்துவிட்டது.

இதற்குப் பிறகும் தகட்டில் ஒரு பாட்டு இருக்கிறது, டிம்பலாண்டுடன் சேர்ந்து பாடியது. தொகுப்பின் மற்ற எந்தப் பாட்டோடும் அது ஒட்டவில்லை; சந்தைக்காக வைத்த வாழைப்பழம். நான் பதினொன்றாவது பாட்டோடு நிறுத்திவிடுகிறேன்.