சின்ன பட்ஜெட்டில் குரல் பதிவு

வீட்டில் குரலைப் பதிவுசெய்யத் தேவையான கருவிகள் மிகக் குறைவு: ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன், ஸ்டாண்டு, கேபிள். முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி இவ்வளவையும் வாங்கிவிடலாம். ஆனால் பதிவின் தரத்தை முதலில் தீர்மானிப்பது இவற்றில் எதுவும் அல்ல, பாடுகிற அறைதான்.

இரும்புலியூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்த பீர்க்கன்கரணையில் இது பாடத் தொடங்கியதுமே புரிந்துவிடும். கிளாம்பாக்கம் முனையத்துக்குப் போகும் பேருந்துகளின் ஹாரன், செங்கல்பட்டு மின்சார ரயிலின் தடதடப்பு, தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்களின் இரைச்சல் எல்லாம் ஜன்னல் வழியே உள்ளே வரும். ரயிலின் அடிநாதத்தை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியால் ஓரளவு குறைக்கலாம். ஹாரன் அப்படியல்ல. குரல் ஒலிக்கும் அதே அலைவரிசையில் அது விழுவதால், நீக்கப் போனால் குரலும் சேர்ந்து சிதையும். ஆகவே இங்கே நேரமும் ஒரு கருவி. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன், தமிழில் வீட்டு ஸ்டூடியோவுக்குத் தலையாய உதாரணம். அங்கிருந்த கருவிகள் சாதாரண வீட்டுக்கு எட்டாதவைதான். ஆனால் அவருடைய இராவேலை வழக்கத்தை எந்த வீடும் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நள்ளிரவு தாண்டிய சில மணி நேரம் பீர்க்கன்கரணையிலும் கிடைக்கும். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பதால், சென்னை வெயிலுக்கும் அந்த நேரமே உகந்தது.

அறைக்குள் இருக்கும் பகை எதிரொலி. டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை என்று இருக்கும் காலி அறையில் ஒருமுறை கைதட்டினால் ஓசை ‘ஜிர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஓடும். அது குரலின் மேல் ஏறிவிட்டால் இறங்காது. இதற்காகக் கடைகளில் விற்கும் ஒரு அங்குல ஃபோம் சதுரங்கள் பெரும்பாலும் வீண்செலவு. மெல்லிய ஃபோம் உச்ச அலைவரிசைகளை மட்டும் விழுங்கும். கீழ்ப்பகுதி அப்படியே நிற்பதால் குரல் மந்தமாகவும் டப்பாவுக்குள் பேசுவதுபோலவும் ஆகிவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே ஏறத்தாழ 3.4 மீட்டர், அதற்கு ஒரு அங்குலம் ஒரு தடையே இல்லை. இலவம்பஞ்சு மெத்தை, கனத்த ஜமுக்காளம், துணி அடைத்த திறந்த அலமாரி ஆகியவை இன்னும் நன்றாக வேலைசெய்யும். இரும்பு பீரோ அறையில் இருந்தால், தாரஸ்தாயியில் அது கூடவே அதிர்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

மைக் தேர்வில் பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கை, டைனமிக் மைக் வெளிச்சத்தத்தைத் தானே தள்ளிவிடும் என்பது. ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்கைவிட ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் மைக் ஏழெட்டு மடங்கு அதிக மின்னழுத்தம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த மிகுதி குரலுக்கும் ஹாரனுக்கும் ஒன்றுபோலவே கிடைக்கிறது; கெயினைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். உண்மையில் வித்தியாசம் செய்வது தூரம். வாயிலிருந்து 10 செ.மீ.யில் இருக்கும் மைக்கை 20 செ.மீ.க்கு நகர்த்தினால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். அறையின் ஒலி அப்படியே இருக்கும். டைனமிக் மைக்கின் அருமை, மிக அருகில் நின்று பாட அது இடம்கொடுப்பதில் இருக்கிறது.

1966இல் வெளிவந்த எஸ்எம்58 இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். பந்து வடிவ வலைக்குள் காற்றடியைத் தாங்கும் ஃபோம். நெருங்கிப் பாடும்போது பெருகும் அடிக்குரலைச் சமன்செய்ய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவு. சொல் தெளிவாக எழ மேற்பகுதியில் ஒரு சிறு மேடு. அசல் மைக் கையில் கனமாக, 300 கிராமை ஒட்டி இருக்கும். இதன் போலிகள் உலகெங்கும் மலிந்துவிட்டதால், பாதி விலைக்குக் கிடைப்பதை நம்பாமல் அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் பில்லோடு வாங்குவதே நல்லது. மூச்சின் நுணுக்கமும் பிருகாவின் ஒவ்வொரு மணியும் வேண்டுமென்றால் கண்டென்சரே உயர்ந்தது. ஏடி2020ஐவிட ரோட் என்டி1இன் சொந்த இரைச்சல் மிகக் குறைவு. ஆனால் மெத்தையும் நள்ளிரவும் இல்லாத அறையில் அந்த நுணுக்கம் தெருவுக்கும் சேர்த்தே கிடைக்கும்.

இரண்டு மைக் கிடைத்தால் ஒரே வரியைப் பாடி ழகரத்தையும் ளகரத்தையும் கேட்க வேண்டும். மேடு மிகையான மலிவு மைக்குகளில் சகரமும் ஸகரமும் சீறும். ழகரம் அதன் குழைவை இழந்து மெலிந்துபோகும். விவரத்தாளைவிட இந்தச் சோதனை நம்பகமானது.

இன்டர்ஃபேஸில் பார்க்க வேண்டியவை இரண்டு: கண்டென்சருக்கான 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம், டைனமிக்குக்குப் போதிய கெயின். பெரிங்கர் யூஎம்2 விலையில் எளிது. எஸ்எம்58ஐ அதில் உச்சத்துக்கு ஏற்றினால் பின்னணியில் ‘உஸ்’ என்ற இரைச்சல் எழும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. காதுக்கு மூடிய வகை ஹெட்போன். சுருதியையும் அதில்தான் கேட்க வேண்டும். சுருதிப்பெட்டியை அறையில் ஓடவிட்டால் அது குரலோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க வழியில்லை. ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடும் பழக்கமுள்ளவர்கள் திறந்த பக்கத்து ஹெட்போன் கிண்ணத்தைத் தலையோடு அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்த மைக்குகள் கார்டியாய்டு வகை: முன்புறம் நன்றாகக் கேட்கும், பின்புறம் மிகக் குறைவாகவே கேட்கும். ஆகவே மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்க வேண்டும். மெத்தை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னே நிற்க வேண்டும், ஏனென்றால் மைக் நேரே பார்ப்பது அந்தச் சுவரைத்தான். மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுவதால் வரும் பயன் குறைவு. பகரத்தைக் காற்றடிக்க அழுத்திச் சொல்பவர்கள் மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, வாயின் மூலையைப் பார்க்கும்படி வைத்தால் காற்று நேரே மோதாது.

கெயினை அமைக்கப் பல்லவியைப் பாடினால் போதாது. பாட்டின் உச்சஸ்தாயியைப் பாடிப் பார்த்து, அந்த இடம் −6 டெசிபலைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். 24 பிட் பதிவில் தாழ்ந்த மந்தரஸ்தாயியைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். உடைந்துபோன உச்சத்தை மீட்க முடியாது. கோப்பை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் வடிவில், எதிரொலியோ கம்ப்ரஷனோ சேர்க்காமல் சேமித்து, அலங்காரங்களை அதன் நகலில் செய்ய வேண்டும்.