சீலுக்கு முன் பேரிங்

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் கிராங்க்ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. அது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரீஸ் வடிவமைப்பு. பின்பக்க மெயின் பேரிங்கைத் தாண்டி வரும் ஆயிலை, தண்டில் வெட்டிய மரை சுழற்சியிலேயே சம்புக்குத் திருப்பிவிடும். எஞ்சின் நின்றதும் மரையில் தங்கியது சொட்டத்தான் செய்யும். தரையில் நாலு சொட்டைப் பார்த்து எஞ்சினை இறக்குவது வீண் செலவு. ஓடும்போதே ஒழுகி கிளட்ச் நனைந்து வழுக்கினால்தான் அது நோய்.

அப்போதும் பழியை உடனே பின்முனை மேல் போடக்கூடாது. ராக்கர் கவரிலும் பக்கவாட்டு டேப்பட் கவர்களிலும் கசிவது பின்னால் வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். டேப்பட் கவர் போல்ட்டை இறுக்க இறுக்கத் தகடு வளைந்து கசிவு கூடும். பிரீதர் அடைத்திருந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். எஞ்சினைக் கழுவி, உலர்த்தி, ஓடவிட்டுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

இதே எஞ்சின் கொண்ட எம்ஜிஏ கார்களுக்கு ரப்பர் சீல் கிட் விற்கிறார்கள். நின்ற வண்டியின் சொட்டையும் அது நிறுத்தும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். பின்னது தேய்ந்தால் தண்டு தாழ்கிறது, மரையைச் சுற்றிய இடைவெளி ஒருபக்கம் விரிகிறது, தளர்ந்த பேரிங் வழியே ஆயிலும் கூடுதலாக வருகிறது. ஆடும் தண்டின்மேல் ரப்பர் உதடு எத்தனை நாள் தாங்கும்? அதைவிட மோசம், பேரிங் தேய்ந்த செய்தியைச் சொல்ல இருந்த கசிவை அது மறைத்துவிடும். ஆயில் பிரஷர் இறங்கியதற்குத் தடித்த ஆயில் ஊற்றுவதும் இதே தவறுதான்.

என் தீர்ப்பு பேரிங் பக்கம். எஞ்சின் இறங்கியதும், பேரிங்கில் சுழலும் தண்டுப் பகுதியான ஜர்னல் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வட்டம் கோணியிருந்தால் கிரைண்டிங் செய்து 10 அல்லது 20 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அண்டர்சைஸ் பேரிங் ஷெல் போடலாம். கோணிய ஜர்னலில் புது ஸ்டாண்டர்ட் ஷெல் போடுவது சிக்கனமே அல்ல. கிரைண்டிங் தூளை ஆயில் துளைகளிலிருந்து முழுக்கக் கழுவாவிட்டால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். மூடும்முன் பிளாஸ்டிகேஜ் இழை வைத்துப் பேரிங் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்து, பிரீதரும் திறந்திருந்து, இன்னும் ஓட்டத்தில் ஒழுகினால் சீல் கிட்டைத் தாராளமாக வாங்கலாம்.