அச்சோவியமும் அதன் எண்ணும்

படத்தின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 5/25 (இருபத்தைந்து படிகளில் ஐந்தாம் எண்) என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டால் எந்த அச்சுப் படியும் கலைப்பொருளாகிவிடும் என்ற எண்ணம் இன்றைய ஓவியச் சந்தையில் வேரூன்றியிருக்கிறது. வண்ண ஓவியங்களை ஸ்கேன் செய்து, மை தெளிக்கும் கணினி அச்சுப்பொறியில் எடுத்த நகல்களும் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்ற பெயரில் விலைபோகின்றன. இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று, தகட்டின்மேல் குனிந்து உழைத்த கலைஞர்களுக்கு இழைக்கப்படும் அநீதியுமாகும்.

அச்சு நமக்குப் புதியதன்று: தரங்கம்பாடி அச்சகமும், 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியின் மரச்செதுக்குப் பயிற்சியும், 1894இல் நிறுவப்பட்ட ரவி வர்மா அச்சகம் பூசையறைகளுக்குக் கொண்டுசேர்த்த லட்சுமி, சரஸ்வதி படங்களும் வாசகர் அறிந்தவையே. ரவி வர்மா படங்கள் தைல ஓவியங்களின் பெருந்தொகை நகல்கள். அச்சோவியமோ கலைஞர் செம்பிலோ துத்தநாகத்திலோ கல்லிலோ தாமே உருவமைத்து எடுக்கும் மூலப்படைப்பு. அதற்கு முந்திய ஓவியம் என ஒன்று கிடையாது.

இந்த உண்மையை உலகுக்கு உரக்கச் சொன்னவர் கிருஷ்ணா ரெட்டி (1925–2018). சாந்திநிகேதனில் பயின்று, கலாக்ஷேத்திராவில் கற்பித்து, பின் பாரிசில் ஹேட்டர் என்ற அச்சோவியரின் பட்டறையில் சேர்ந்த அவர், எண்ணெய்ச் செறிவு வேறுபட்ட மைகளை மென்மையும் கடினமுமான உருளைகளால் ஏற்றி, ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அடுத்த தலைமுறையில் ஆர்.பி. பாஸ்கரனும், தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பனும் சென்னையில் இக்கலைக்கு உறுதியான அடித்தளமிட்டனர். பறத்தலையும் இயக்கத்தையும் கோடுகளாலும் எண்களாலும் சிந்திக்கும் பழனியப்பனின் படைப்புகளை ஓவியத்தின் துணைச்சரக்காக எண்ணுவது பெரும்பிழை.

ஆகவே மதிப்பிடுவோர் எண்ணை விட்டுத் தாளைப் பார்க்க வேண்டும். அமிலத்தால் அரித்த தகட்டில் எடுத்த படியில் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கோட்டு மை மெல்லிய மேடாக எழுந்து நிற்கும். கணினிப் படியை உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்புள்ளிகளே தெரியும். எண்கள் எடுக்கப்பட்ட வரிசையையே காட்டும் என்பதும் உறுதியன்று; ஊசியால் நேரே கீறிய தகடு விரைவில் தேய்வதால், அங்கு முற்படிகளுக்குத் தனிச் சிறப்புண்டு. ஓரம் வெட்டப்பட்ட படியின் மதிப்பு வெகுவாகக் குறையும்.

வாங்கிய படியைப் பராமரிப்பதில் காவிரிப் படுகை கடுமையான சோதனைக்களம். அணைக்கரையை அடுத்த திருப்பனந்தாள் போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஈரம் கோத்துக்கொள்ளும். தாளில் பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சையும் தோன்றும். பசையையும் தாளையும் இராமபாணப் பூச்சி அரிக்கும். படத்தை வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் சற்று இடைவெளிவிட்டு மாட்டுவதும், கண்ணாடி மையைத் தொடாதபடி அமிலமற்ற பருத்தி அட்டையால் விலக்கி வைப்பதும், செல்லோடேப்புக்கு மாறாக மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாப்பசையையும் கொண்டு மேல்விளிம்பை மட்டும் பொருத்துவதும் இன்றியமையாதவை. ஒட்டுப்பலகையைப் பின்புறம் வைத்து அடிக்கும் சட்டக்காரரின் வழக்கம் சில ஆண்டுகளிலேயே தாளைப் பழுப்பாக்கிவிடும். வெயில் படுமிடம் வண்ணத்தைக் கொன்றுவிடும்.

கணினிப் படியை அலங்காரப் படமென்றே சொல்லி விற்பதில் குற்றமில்லை. அச்சோவியம் என்ற பெயரை அதற்கு அளிக்கக் கூடாது; வாங்குவோர் தகடு எது, அச்சிட்டவர் யார், பதிப்பு முடிந்தபின் தகடு கீறி அழிக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.