மாறியது மட்டும் மலையேறட்டும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. மலையில் இணையம் மெலியும்போதுதான், கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் 'ஆர்சிங்க்' நிரலின் அருமை தெரியும். 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் உருவாக்கியது. பழைய பிரதி உள்ள கணினி தன் கோப்பைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் அனுப்பும். புதிய பிரதி உள்ள சர்வர் ஒப்பிட்டு, புதிதாக உள்ளதை மட்டும் தரும். நடுவில் ஒரு வரி செருகினாலும் ஏமாறாது. பைட் பைட்டாக நகர்ந்து பழைய துண்டைத் தேடிப் பிடிக்கும். எனக்கு அதுதான் இதன் அழகு.

பள்ளி ஆய்வகம் முழுக்கப் பாடக் கோப்பு போகவேண்டுமா? ஒரு கணினிக்கு ஏற்றி, அங்கிருந்து மற்றவற்றுக்குப் பிரியுங்கள். கட்டளையில் 'டெலீட்' சேர்த்தால் மட்டும் முதலில் 'டிரை ரன்' என்ற ஒத்திகை ஓட்டிப் பாருங்கள். ஏனென்றால் பாடக் கோப்புறையில், சர்வரில் இல்லாதது எல்லாக் கணினியிலும் அழிந்துவிடும்.