சீழ்க்கையும் தாயின் குரலும்: 'எம்' திரைப்படத்தின் ஒலி குறித்து

துப்பறியும் படங்களிற் பின்னணியிசை பெரும்பாலும் அச்சத்தை மிகுவிக்கும் அணியாகவே நின்றுவிடுகின்றது. பிறிற்ஸ் லாங் 1931இல் ஜேர்மனியில் உருவாக்கிய 'எம்' திரைப்படத்திற் பின்னணியிசை இல்லை. குழந்தைகளைக் கொல்பவனது சீழ்க்கையே உண்டு. கிறீக்கின் மெட்டாகிய அதனை, அவன் முகத்தைக் காணுமுன்பே கேட்கிறோம். பின்னர் அதனைக் கொண்டு அவனை இனங்காண்பவன் பார்வையற்ற பலூன் வியாபாரி. ஒலியே இங்கு தடயமாகின்றது.

ஆயினும் நாம் முதன்மைப்படுத்துவது தொடக்கக் காட்சியையே. கடிகாரம் நண்பகலை அறிவிக்கின்றது. துணி வெளுத்துக்கொண்டிருக்கும் தாய் மகள் எல்சிக்காகக் காத்திருக்கின்றாள். அவளது அழைப்பு வெறுமையான மாடிப்படிகளின்மீதும் தொடப்படாத உணவுத்தட்டின்மீதும் ஒலித்து அடங்குகின்றது. குழந்தைகளை விழிப்புடன் காக்கவேண்டும் என அத்தாயே முடிவிற் கூறுகின்றாள். உழைப்பினின்றும் ஓய்வற்றவள் எவ்வாறு காப்பாள்? வசனம் மறந்த இவ்வினாவைப் படத்தின் ஒலி முன்னரே எழுப்பிவிட்டது என்பதே எமது கருத்தாகும்.